யந்திரம் எழுதும் தலைவிதி

நமது நாட்டில் பெரிய கோயில் இருக்கிற எந்த ஊரின் சன்னதித் தெருவுக்குப் போனாலும் "கம்ப்யூட்டர் ஜாதகம் கணிக்கப்படும்" என்று எழுதிய பலகை ஒன்று தொங்குவதை இன்றும் காணலாம். பஞ்சாங்கத்தில் நம்பிக்கை குறைந்து போனவன்கூட, அதே பன்னிரண்டு கட்டத்தையும் அதே சனியையும் ராகுவையும் ஒரு யந்திரம் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால், "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று பயபக்தியோடு மடித்து எடுத்துக்கொண்டு போகின்றான். யந்திரத்துக்குள் போனது பழைய புரட்டு. வெளியே வந்ததும் அதே புரட்டு. நடுவில் ஒரு யந்திரம் நின்றதால் மாத்திரம் புரட்டுக்கு ஒரு கௌரவம் வந்து சேர்ந்துவிட்டது.

இது ஏதோ ஜோசியக்காரனின் வயிற்றுப் பிழைப்புச் சங்கதி என்று தள்ளிவிடலாம். ஆனால் இதே மயக்கம் இப்பொழுது சர்க்கார் இலாகாக்களிலும், பாங்கிகளிலும், ஆஸ்பத்திரிகளிலும், அந்நிய தேசத்துக் கோர்ட்டுகளிலும்கூடப் புகுந்து, ஒருவனுக்கு அரிசி உண்டா இல்லையா, கடன் உண்டா இல்லையா, வைத்தியம் உண்டா இல்லையா, ஜெயிலா வீடா என்று சொல்லத் தொடங்கி விட்டபடியால் நாம் வாய்மூடி இருப்பதற்கில்லை. இந்த வித்தைக்கு டேட்டா மைனிங் என்று பெயர். தமிழில் தரவு அகழ்வு என்கிறார்கள். பூமியைத் தோண்டிப் பொன் எடுப்பது போல, மலை மலையாகக் குவிந்து கிடக்கும் கணக்கு விவரங்களைத் தோண்டி அறிவு எடுப்பதாம். எடுக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எடுத்தது பொன்தானா என்று உரைத்துப் பார்க்காமலே அதை நமது தலையில் வைத்துக் கட்டினால், கேட்க வேண்டியது பகுத்தறிவுள்ளவர்கள் கடமையல்லவா?

தெரியாமல் திட்டுகிறவனுக்கும் தெரியாமல் கும்பிடுகிறவனுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. ஆகையால் முதலில் இந்த வித்தை இன்னதென்று தெரிந்துகொள்வோம்.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஆயிரம் பேர் சாமான் வாங்கினார்கள். ஆயிரம் பில் சீட்டு இருக்கின்றது. அதில் நூறு சீட்டில் இட்லி அரிசி இருக்கின்றது. அந்த நூற்றில் எண்பது சீட்டில் உளுத்தம் பருப்பும் இருக்கின்றது. ஆகவே இட்லி அரிசி வாங்குகிறவன் நூற்றுக்கு எண்பது தடவை உளுந்தும் வாங்குகின்றான் என்று ஒரு விதி கிடைக்கின்றது. இதைச் சொல்ல யந்திரம் எதற்கு, நமது செட்டியார் கடைப் பையனே சொல்லுவான் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பதினாயிரம் தினுசுச் சாமான் விற்கிற பெரிய கடையாயிருந்தால், இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்ப்பதற்கே சுமார் ஐந்து கோடி ஜோடி ஆகின்றது. மும்மூன்றாகச் சேர்த்தால் பதினாறாயிரம் கோடிக்கு மேல் போகின்றது. இதைக் கடைப் பையன் அல்ல, கடையில் உள்ள அத்தனை பேரும் ஆயுள் முழுவதும் உட்கார்ந்து எண்ணினாலும் முடியாது.

இந்தக் காரியத்துக்கு 1993-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ராகேஷ் அகர்வால், டோமாஸ் இமிலின்ஸ்கி, அருண் சுவாமி என்ற மூவர் ஒரு முறையை வகுத்து வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த் என்பவரும் சேர்ந்து அதைவிட வேகமான ஒரு வழி கண்டார்கள். அதன் சூட்சுமம் வெகு எளிது. சாம்பிராணி வாங்குகிறவன் ஆயிரத்தில் இரண்டு பேர்தான் என்றால், சாம்பிராணியும் சீயக்காயும் சேர்த்து வாங்குகிறவன் இரண்டு பேருக்கு மேல் இருக்க முடியுமா? முடியாது. ஆகையால் சாம்பிராணி சேர்ந்த எந்தக் கூட்டத்தையும் எண்ணவே வேண்டாம் என்று ஒரே வெட்டாக வெட்டித் தள்ளிவிடலாம். இப்படி வெட்ட வெட்ட, கோடிக் கணக்கில் இருந்தது யந்திரம் எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடுகின்றது. இவ்வளவுதான். இதில் மந்திரம் உண்டா? தெய்வ சக்தி உண்டா? எண்ணத் தெரிந்த எவனும் சரிபார்க்கக் கூடிய கணக்கு இது. இந்த முறைகளைக் கண்டுபிடித்தவர்கள் அதை ஒளித்து வைக்கவில்லை. இன்னின்ன மாதிரி செய்தோம், நீயும் செய்துபார் என்று உலகத்தின் முன் வைத்தார்கள். ஒளிவு மறைவு இல்லாத இந்த அறிவை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஆனால் மனிதன் இருக்கிறானே, எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு புராணம் எழுதாமல் விடமாட்டான். இந்தச் சாஸ்திரத்துக்கும் ஒரு ஸ்தல புராணம் உண்டு. அமெரிக்காவில் ஒரு கடையில், சாயங்காலத்தில் குழந்தைக்கு அரைத்துணி வாங்க வருகிற தகப்பன்மார் கூடவே பீர் சாராயமும் வாங்குகிறார்கள் என்று யந்திரம் கண்டுபிடித்ததாம். உடனே கடைக்காரன் பீரை அரைத்துணிக்குப் பக்கத்தில் வைத்தானாம். வியாபாரம் கொட்டோ கொட்டென்று கொட்டியதாம். இந்தக் கதையைச் சொல்லாத பேராசிரியர் இல்லை, விற்காத கம்பெனி இல்லை. நடந்தது என்னவென்றால், 1992-ல் ஆஸ்கோ என்ற மருந்துக் கடைகளின் பில் சீட்டுகளைப் பார்த்ததில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் அந்த இரண்டு சாமானும் சேர்ந்து போகிற மாதிரி ஒரு கணக்கு வந்தது உண்மை. ஆனால் கடைக்காரன் பீர்ப் புட்டியை இருந்த இடத்திலிருந்து நகர்த்தவே இல்லை! படித்தவர்கள் நடுவிலேயே, அதுவும் கணக்கையே தொழிலாகக் கொண்டவர்கள் நடுவிலேயே, ஒரு கட்டுக்கதை இத்தனை வருஷம் உலாவுமானால், நமது பாட்டிமார் சொன்ன கதைகளைப் பார்த்து மாத்திரம் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

இது போகட்டும், சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்த சங்கதி சிரிப்பல்ல.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். ஒரு காக்கை, ஒரு பனைமரம் என்றால் அது எப்போதோ ஒரு தடவை நடக்கும். பத்து லட்சம் காக்கையையும் பத்து லட்சம் பனைமரத்தையும் ஒரு யந்திரத்தில் போட்டு, எந்தக் காக்கை உட்கார்ந்தபோது எந்தப் பழம் விழுந்தது என்று தேடச் சொன்னால் என்ன ஆகும்? ஆயிரக் கணக்கில் அகப்படும். அத்தனையும் தற்செயல். அமெரிக்காவில் டேவிட் லைன்வெபர் என்ற ஒரு கணக்கு நிபுணர் வேண்டுமென்றே இதைச் செய்து காட்டினார். அந்த நாட்டின் ஐந்நூறு பெரிய கம்பெனிகளின் பங்கு விலைக் குறியீடு 1981 முதல் 1993 வரை ஏறி இறங்கியதற்கு எந்தக் கணக்கு ஒத்து வருகிறது என்று பலதேசப் புள்ளிவிவரங்களைத் தோண்டினார். என்ன அகப்பட்டது தெரியுமா? பங்களாதேஷில் எடுக்கப்பட்ட வெண்ணெயின் அளவு! அது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு பொருந்தி வந்தது. அதோடு அமெரிக்காவின் வெண்ணெய், பாலாடைக் கட்டி, இரு நாட்டுச் செம்மறியாடு இவற்றின் கணக்கையும் சேர்த்தவுடன் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு பொருந்திவிட்டது. டாக்காவில் வெண்ணெய் கடைந்தால் நியூயார்க்கில் பங்கு ஏறும் என்று எவனாவது நம்புவானா? பரிகாசத்துக்காகவே அவர் அதைச் செய்தார். ஆனால் அதைப் படித்துவிட்டு, புதிய வெண்ணெய்க் கணக்கு எங்கே கிடைக்கும் என்று அவரையே கேட்டவர்களும் இருந்தார்களாம். பல்லி விழும் பலன் பார்க்கிறவன் நமது நாட்டில் மட்டும்தான் இருக்கின்றான் என்று நினைத்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

புள்ளிவிவரப் பண்டிதர்கள் நடுவில் ஒரு காலத்தில் டேட்டா மைனிங் என்பது ஒருவரை இகழ்ந்து பேசுகிற வார்த்தையாகவே இருந்து வந்தது. காரணம் தேடாமல், பொருத்தம் அகப்படுகிற வரை தோண்டிக்கொண்டே போய், அகப்பட்டதை உண்மை என்று விற்கிறவன் என்பது அதன் அர்த்தம். பிறகு அது கௌரவமான வார்த்தையாகி, 1989-ல் ஒரு சிறு கூட்டமாக ஆரம்பித்து, 1995 முதல் உலக மாநாடுகளாகவே நடந்துவருகின்றது. யோக்கியமான ஆராய்ச்சிக்காரர்கள், தோண்டி எடுத்த விதியை, தோண்டாத வேறொரு கணக்கில் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே வாய் திறக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. அவர்கள் கண்ட கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு சோதனையை மாத்திரம் வீட்டிலே வைத்துவிட்டு வருகிறவர்களைப் பற்றித்தான் பேசுகின்றோம்.

சிலர் நம்மைக் கேட்கக்கூடும்: "விஞ்ஞானம் விஞ்ஞானம் என்று மேடைக்கு மேடை பேசுகிற நீங்களே கம்ப்யூட்டரை எதிர்க்கலாமா?" என்று. தோழர்களே, கணக்கை வைத்து உயிரைக் காப்பாற்றிய ஒரு கதையைச் சொல்லுகின்றோம், கேளுங்கள்.

1854-ல் லண்டன் நகரத்தில் சோஹோ என்ற வட்டாரத்தில் காலரா கண்டு சில தினங்களில் நூற்றுக் கணக்கானவர்கள் மாண்டார்கள். துர்நாற்றக் காற்றினால்தான் காலரா வருகிறது என்பது அன்றைய பெரிய வைத்தியர்களின் முடிந்த முடிவு. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் அதை நம்பவில்லை. எந்தெந்த வீட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பட்டியல் எடுத்தார். சாவுகள் பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே குவிந்து கிடந்தன. இதோடு அவர் நின்றிருந்தால் அதுவும் ஒரு காக்கை பனம்பழக் கதைதான். அவர் நிற்கவில்லை. வீடு வீடாக நடந்தார். குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தும் சாகாதவர்கள் யார் என்று தேடினார். அங்கே ஒரு பீர்த் தொழிற்சாலை; அதில் எழுபது பேர் வேலை செய்தும் காலராவில் ஒரு சாவு இல்லை. விசாரித்ததில், அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவே இல்லை, பீரைக் குடித்தார்கள், தொழிற்சாலைக்குள் சொந்தக் கிணறும் இருந்தது என்று தெரிந்தது. அதேபோல் வெகு தூரத்தில் ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு விதவை அம்மாள் காலராவில் செத்திருந்தாள். விசாரித்ததில், அந்த அம்மாளுக்குப் பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்துவந்தாள் என்று தெரிந்தது. குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: இந்த டாக்டர் சொல்லுவது பொய் என்று நிரூபிக்கப் புறப்பட்ட ஹென்றி ஒயிட்ஹெட் என்ற ஒரு பாதிரியார், தாமும் வீடு வீடாக விசாரித்துப் பார்த்து, கடைசியில் டாக்டர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். விசாரிக்கப் புறப்பட்டால் பாதிரிக்கும் புத்தி வரும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆக, கணக்கு என்ன செய்தது? எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கையைக் காட்டியது. போய்ப் பார்த்தது மனிதன். காரணம் கண்டதும் மனிதன். அந்த நடை இல்லாவிட்டால் அந்தப் பட்டியலுக்கு ஒரு காசு மதிப்பில்லை.

இப்பொழுது அந்த நடையை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். 1990-க்கு மேற்பட்ட வருஷங்களில் அமெரிக்காவில், நிமோனியா என்கிற நுரையீரல் ஜுரத்தோடு வருகிறவர்களில் யாரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டும், யாரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்ல யந்திரத்துக்குப் பழைய கேஸ் கட்டுகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். அதில் ஒரு முறை கண்டுபிடித்த விதி என்னவென்றால், ஆஸ்துமா இருக்கிறவனுக்கு நிமோனியா வந்தால் சாகிற அபாயம் குறைவு என்பது! இழைப்புக்காரனுக்கு நெஞ்சுச் சளி ஜுரம் வந்தால் என்ன கதியாகும் என்று நமது கிராமத்து மருத்துவச்சிக்குக்கூடத் தெரியுமே! யந்திரம் பொய் சொல்லிற்றா? இல்லை. பழைய கணக்கில் அப்படித்தான் இருந்தது. ஏனென்றால் ஆஸ்துமாக்காரன் வந்த உடனே டாக்டர்கள் பயந்துபோய்த் தீவிர சிகிச்சை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதனால் பிழைத்தான். யந்திரமோ ஆஸ்துமாவினால் பிழைத்தான் என்று எழுதிவிட்டது. அதன் பேச்சைக் கேட்டு ஆஸ்துமாக்காரனை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் வழியிலேயே செத்திருப்பான். அந்த முறை தான் கண்ட விதியை மனிதன் படிக்கும்படி எழுதிக் காட்டியதால் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அதே கணக்கில் பழக்கிய இன்னொரு முறை அதைவிடத் துல்லியமானதுதான். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் படிக்க முடியாது. ஆகையால் அதை நோயாளிகள் பேரில் பிரயோகிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ரிச் காருவானா என்ற ஆராய்ச்சிக்காரர் தாமே சம்பந்தப்பட்ட இந்த விஷயத்தை 2015-ல் விளக்கமாக எழுதினார். இவரையல்லவா விஞ்ஞானி என்று சொல்ல வேண்டும்!

இந்த மாதிரி மனிதர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்களா என்றால், இல்லை. அமெரிக்கக் கோர்ட்டுகளில் காம்பஸ் என்ற ஒரு கம்பெனி யந்திரம், குற்றம் சாட்டப்பட்டவன் இனிமேலும் குற்றம் செய்வானா என்று ஒன்று முதல் பத்து வரை மார்க்குப் போடுகின்றது. அதற்காக 137 விஷயங்களைத் திரட்டுகிறார்கள். உன் தகப்பனோ தாயோ ஜெயிலுக்குப் போனதுண்டா, உன் சிநேகிதர்களில் எத்தனை பேர் போதை மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. நீ கறுப்பனா வெள்ளையனா என்று மாத்திரம் கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம்! கேட்காமலே தெரிந்துவிடுகிறபோது கேட்பானேன்? 2016-ல் புரோபப்ளிகா என்ற பத்திரிகைக்காரர்கள் புளோரிடாவில் ஒரு ஜில்லாவில் ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் மார்க்கை எடுத்து, இரண்டு வருஷத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மறுபடி குற்றம் செய்யாத கறுப்பர்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு அபாயக்காரன் என்ற முத்திரை விழுந்திருந்தது. அதே மாதிரியான வெள்ளையர்களில் நூற்றுக்கு இருபத்துமூன்று சொச்சம். கம்பெனிக்காரன் ஒரு சமாதானம் சொன்னான்: ஒரே மார்க்கு வாங்கிய கறுப்பனும் வெள்ளையனும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மறுபடி பிடிபடுகிறார்கள், ஆகவே பாரபட்சமில்லை என்று. கணக்குப்படி இரண்டு பேர் சொல்லுவதும் பொருந்தும். கறுப்பன் குடியிருக்கிற தெருவில் போலீஸ்காரன் அதிகமாக நின்றால் கறுப்பன் அதிகமாகப் பிடிபடுவான். பிடிபட்ட கணக்கை வைத்துப் பழகிய யந்திரம் அவனுக்கு அதிக மார்க்குப் போடும். அந்த மார்க்கு அவனை இன்னும் நெடுநாள் உள்ளே வைக்கும். பிறப்பைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டிக் குறைக்கிற சட்டத்தை நாம் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கின்றோம் அல்லவா? அது ஓலையில் இருந்தது, இது யந்திரத்தில் இருக்கின்றது.

இத்தனைக்கும் அதன் புத்திசாலித்தனம் எவ்வளவு? 2018-ல் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் வயசு, முன் குற்றங்களின் எண்ணிக்கை என்ற இரண்டே விவரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். 137 விவரம் கேட்கிற யந்திரத்துக்குச் சமமாகவே வந்தது. சட்டம் படிக்காத சாதாரண ஜனங்களைக் கேட்டதிலும் ஏறக்குறைய அதே அளவு சரியாகச் சொன்னார்கள். ஆனால் உள்ளே எப்படிக் கணக்குப் போடுகிறாய் என்று கேட்டால், அது எங்கள் வியாபார ரகசியம் என்கிறார்கள். ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்புகிற காரணம் ஒரு கம்பெனியின் ரகசியமாம்! 2016-ல் விஸ்கான்ஸின் மாகாணத்து உயர்ந்த கோர்ட்டு, எச்சரிக்கையோடு உபயோகித்துக்கொள்ளலாம் என்று இதற்குத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. மூலஸ்தானத்துக்குள் நீ வரக்கூடாது, வெளியே நின்று கொடுத்ததை வாங்கிக்கொள் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம் என்று கேட்கின்றோம்.

ஹாலந்து தேசத்தில் நடந்ததோ ஒரு மந்திரி சபையையே கவிழ்த்தது. குழந்தை வளர்ப்புக்கு சர்க்கார் கொடுக்கிற உதவிப் பணத்தில் மோசடி செய்கிறவர்கள் யார் என்று வரி இலாகா யந்திரத்தைக் கொண்டு மார்க்குப் போட்டது. அந்நிய தேசத்துப் பிரஜை என்பதும் ஒரு அபாயக் குறியாக வைக்கப்பட்டிருந்தது. ஆயிரக் கணக்கான பெற்றோர்கள் திருடர்களாக்கப்பட்டு, வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டு என்று உத்தரவாகி, வீடு வாசல் இழந்தார்கள். உண்மை வெளியானதும் 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயும் சக மந்திரிகளும் ராஜிநாமா கொடுத்தார்கள். ராஜிநாமா கொடுக்கிற அளவுக்காவது அங்கே ரோஷம் இருந்தது.

இனி நமது பக்கத்து வீட்டுக்கு வருவோம்.

தெலுங்கானா சர்க்கார் சமக்ர வேதிகா என்று ஒரு ஏற்பாடு செய்தது. பல இலாகாக்களில் தனித்தனியே கிடக்கிற கணக்குகளை, அதாவது மோட்டார் வண்டிப் பதிவு, வீட்டு வரி, மின்சாரம், உத்தியோகஸ்தர் பட்டியல் போன்றவைகளை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, இந்த ஏட்டில் இருக்கிற இன்னாரும் அந்த ஏட்டில் இருக்கிற இன்னாரும் ஒரே ஆள்தான் என்று பேரையும் விலாசத்தையும் பொருத்திப் பார்த்து யந்திரம் ஊகிக்கும். ரேஷன் கார்டு வைத்திருக்கிறவன் பேரில் ஒரு கார் இருந்தால் அவன் ஏழை அல்ல, கார்டை வெட்டு என்பது திட்டம். கேட்பதற்கு வெகு நியாயமாகத்தான் இருக்கின்றது. கார் வைத்திருக்கிறவனுக்கு ஏன் ஏழையின் அரிசி?

ஆனால் தோழர்களே, நமது நாட்டில் பேர்கள் இருக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? ஒரு தெருவில் நாலு முருகன், நாலு மாரியம்மாள், நாலு அப்துல் காதர். தகப்பன் பேரை முன்னால் போடுகிறவன் ஒருவன், பின்னால் போடுகிறவன் ஒருவன், ஊர்ப் பேரைச் சேர்க்கிறவன் ஒருவன். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு விதமாக எழுதினார், கிராமக் கர்ணம் ஒரு விதமாக எழுதினார், ஆதார் எடுத்த பையன் மூன்றாவது விதமாக எழுதினான். இதையெல்லாம் பொருத்திப் பார்த்து "ஒரே ஆள்தான்" என்று சொல்ல யந்திரத்துக்கு எப்படித் துணிச்சல் வருகின்றது? துணிச்சல் ஒன்றும் இல்லை. இத்தனைக்கு இத்தனை பங்கு ஒத்துப்போகிறது என்று அது ஒரு மதிப்புத்தான் சொல்லுகின்றது. அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு பேனாவை ஓட்டுவது மனிதன்.

விளைவு என்ன? ஐதராபாத்தில் ரிக்ஷா மிதித்துப் பிழைத்த ஒருவர், பேர் ஒற்றுமையால் கார் சொந்தக்காரராகி விட்டார்! அவர் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு இல்லை என்றாகிவிட்டது. எங்களிடம் கார் இல்லை என்று அவர்கள் எப்படி நிரூபிப்பது? இருக்கிற பொருளைக் காட்டலாம். இல்லாத காரை எந்தக் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவது?

இது ஒரு குடும்பத்தின் சங்கதியல்ல. 2014 முதல் 2019 வரை அந்த மாகாணத்தில் பதினெட்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. புதிதாக மனுப் போட்டவர்களில் 1,42,086 பேருடைய மனுக்கள் தள்ளப்பட்டன. இவ்வளவும் ஒரு நோட்டீஸ்கூட இல்லாமல் நடந்தது. கார்டு வெட்டப்பட்டது என்பதே, கடையில் போய்ப் பையை விரித்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2022 ஏப்ரலில் கோர்ட்டார், ரத்தான கார்டுகளை எல்லாம் நேரில் போய் விசாரித்துப் பாருங்கள் என்று உத்தரவிட்டார்கள். பிறகு மனுக் கொடுத்தவர்களில் சுமார் இரண்டு லட்சத்து ஐயாயிரம் பேரின் சங்கதியைப் பரிசீலித்ததில் 15,471 பேர் உண்மையிலேயே கார்டுக்கு யோக்கியதை உள்ளவர்கள் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. நூற்றுக்கு ஏழரை என்று இதற்குக் கணக்குச் சொல்லுகிறார்கள். நூற்றுக்கு ஏழரை என்று சொல்லும்போது ஏதோ வட்டிக் கணக்கு மாதிரி காதில் விழுகின்றது. பதினைந்தாயிரம் வீட்டு உலை என்று சொல்லிப் பாருங்கள். மனுக் கொடுக்கத் தெரியாமலே, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமலே, இது தலையெழுத்து என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

யந்திரத்தின் உள்ளே கணக்கு எப்படிப் போடப்படுகின்றது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, அது அதைச் செய்து கொடுத்த கம்பெனியின் உரிமை, காட்ட முடியாது என்று பதில் வந்தது. ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கி, ஜனங்களின் விவரங்களைப் போட்டு, ஜனங்களின் அரிசியை நிறுத்துகிற யந்திரத்தை ஜனங்கள் பார்க்கக்கூடாதாம்.

நமது ஊர்களிலும் "சிஸ்டம் எடுக்கவில்லை" என்ற சொல் இப்பொழுது ஒரு வேத வாக்கியமாகி வருகின்றது. முன்பு குமாஸ்தா "இல்லை, போ" என்றால், ஏன் இல்லை என்று சண்டை பிடிக்கலாம், மேலதிகாரியிடம் போகலாம், மனிதன் என்பதால் அவனுக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. இன்றைக்கு அவன் கையை விரித்து, "அம்மா, நான் என்ன செய்யட்டும், சிஸ்டம் எடுக்கமாட்டேன் என்கிறது" என்று சொல்லிவிட்டால், அந்த அம்மாளும் சாமி வரம் கொடுக்கவில்லை என்பது போலத் திரும்பிப் போய்விடுகிறாள். பொறுப்பு எங்கே போயிற்று? அதிகாரி யந்திரத்தைக் காட்டுகிறான், யந்திரம் பழைய கணக்கைக் காட்டுகின்றது, பழைய கணக்கை எழுதியவன் பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பூசாரி சாமியைக் காட்டுவான், சாமி பூர்வ ஜன்மத்தைக் காட்டும். கடைசியில் அடிபட்டவன்தான் பாவி. கர்மம் என்று ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தவன் செய்த வேலையை இப்பொழுது சிஸ்டம் என்ற வார்த்தை செய்கின்றது.

ஐரோப்பாவில் 2018 மே மாதம் முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கின்றது. ஒரு மனிதனின் உரிமையைப் பாதிக்கிற முடிவை, சில விலக்குகள் தவிர, யந்திரம் மாத்திரமே எடுக்கக்கூடாது என்பது அதில் ஒரு விதி. நமது நாட்டில் 2023-ல் தனிமனிதர் தரவுப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். அதில் இந்த உரிமை இல்லை. பார்லிமெண்டில் உட்கார்ந்திருக்கிற கனவான்களுக்கு ரேஷன் கார்டு வெட்டுப்பட்டால் தெரியும்!

இதற்கு அதிகாரிகள் சொல்லுகிற சமாதானம் ஒன்று உண்டு. லட்சக் கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்பிப் பார்க்க முடியுமா, செலவு எவ்வளவு, காலம் எவ்வளவு, அதற்காகத்தானே யந்திரம் என்பார்கள். ஓட்டுக் கேட்க மாத்திரம் லட்சக் கணக்கான வீடுகளுக்கும் ஆள் போக முடிகின்றதே, அது எப்படி? எல்லா வீட்டுக்கும் போகச் சொல்லி நாம் கேட்கவில்லை. யந்திரம் யாரைச் சந்தேகப்படுகின்றதோ, அந்த வீட்டுக்குப் போ. வாசலில் நிற்பது காரா ரிக்ஷாவா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகுமா? பார்த்துவிட்டு வெட்டு. வெட்டுவதற்கு முன்னால் இன்ன காரணத்தினால் வெட்டப் போகின்றோம் என்று அவன் படிக்கிற பாஷையில் எழுதிக் கொடு. அதுவரை அரிசியைப் போட்டுக்கொண்டிரு.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது: கார்டோ, பென்ஷனோ, உதவித் தொகையோ நின்று போனவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், "சிஸ்டம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். எந்த இலாகாவின் எந்த ஏட்டில், எந்தப் பேரில், என்ன தேதியில் இருக்கிற விவரத்தைக் கொண்டு இது நிறுத்தப்பட்டது, நிறுத்தும்படி கையெழுத்துப் போட்ட அதிகாரி யார் என்று எழுத்து மூலம் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நமது சங்கத்து வாலிபர்கள் எழுதிக் கொடுக்கட்டும். முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் சொல்லுகின்றது. வருகிற பதிலின் நகலையும், பதிலே வராவிட்டால் போட்ட மனுவின் நகலையும், ஆட்களின் பேரை விட்டுவிட்டு நமக்கு அனுப்பினால், வாராவாரம் இதே பக்கத்தில் ஒன்றுவிடாமல் அச்சுப் போடுவோம்.